பெரிய தெரேசம்மாளின் ஊரில்

அம்மாவின் பெயர் தெரேசம்மாள். எங்கள் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னாலே ரோஜாப்பூ ஏந்திய பிரான்சு நாட்டுப் புனிதை சிறுமலர் தெரேசாவைத்தான் நினைப்பார்கள். அம்மா விடமாட்டார். "நான் பெரிய தெரேசம்மாள் பேரு, அவிலாக்காரி" என்பார்.

அம்மா இறந்து ஒரு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து எனக்குச் செபமே வரவில்லை. செபமாலையைக் கையில் எடுப்பேன், இரண்டு மணி உருட்டுவதற்குள் மனம் எங்கோ போய்விடும். அந்தப் பாரத்தோடுதான் அக்டோபர் முதல் வாரம் ஸ்பெயினில் மாட்ரிட்டிலிருந்து அந்தப் பெரிய தெரேசாவின் ஊரான அவிலாவுக்கு ரயில் ஏறினேன். ஒன்றரை மணி நேரப் பயணம். கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர். காலை வெயிலிலும் கை விறைத்தது. இரண்டரை கிலோமீட்டர் சுற்றளவுக்குக் கருங்கல் மதில் அப்படியே நிற்கிறது. அதைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். நான் மதிலுக்கு வெளியே, வடக்கே இருக்கும் என்கார்னசியோன் மடத்துக்கு நடந்தேன்.

1535இல், இருபது வயதில், தெரேசா இங்கேதான் கன்னியர் உடுப்பு வாங்க வந்தார். ஏறக்குறைய இருபது வருடம் செபத்தில் வறட்சியோடு போராடியதாக அவரே எழுதிவைத்திருக்கிறார். செப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்தாராம். 1970இல் திருச்சபையின் முதல் பெண் மறைவல்லுநராக, அதாவது விசுவாசத்தைக் கற்பிக்கும் பேராசானாக, அறிவிக்கப்பட்டவர்! செபத்தைப் பற்றி உலகத்துக்கே சொல்லிக்கொடுத்தவர்!

மடத்து அருங்காட்சியகத்தில் தெரேசாவின் காலத்துத் துறவியான சிலுவை அருளப்பர் வரைந்த சிறு படம் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் காகிதம். பாடுபட்ட ஆண்டவரை மேலிருந்து பார்ப்பதுபோல வரைந்திருக்கிறார். தலை தொங்கியிருக்கிறது, முகம் தெரியவில்லை. ஆணியில் தொங்கும் கைகளின் பாரம் மட்டும் தெரிகிறது. கடைசி நாட்களில் கட்டிலில் அம்மாவின் தலையும் இப்படித்தான் சாய்ந்திருந்தது. அங்கேயே அழுதுவிட்டேன்.

அப்புறம் கோவிலுக்குள் போய் உட்கார்ந்தேன். 1582 அக்டோபர் 4 இரவு தெரேசா இறந்தார். அன்றோடு பழைய நாட்காட்டி முடிந்து, புதியதில் பத்து நாட்களைத் தாண்டிவிட்டதால், விடிந்தபோது தேதி 15. தெரேசாவின் திருநாளும், அந்தப் பெயர் கொண்ட அம்மாவின் நாம விழாவும் அந்த 15ஆம் தேதிதான். இந்தக் கதையை அம்மாவிடம் சொல்லியிருக்கலாம்.

கடிகாரத்தைப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். ஆனால் எழுந்திருக்கவில்லை. கிராதிக்கு அப்பால் கன்னியர் பாடத் தொடங்கினார்கள். மெல்லிய வயதான குரல்கள். அவர்கள் முடித்தபோது என் விரல் செபமாலையின் மூன்றாவது பத்துமணிக் கோர்வையில் இருந்தது.