எந்த நாளிலிருந்து எண்ணுவது?

எண்ணூர்க் கழிமுகத்தில் ஒரு பிடி சேறு அள்ளி, 63 மைக்ரான் சல்லடையில் போட்டுக் குழாயை மெல்லத் திறந்துவிட்டால், கறுப்புத் தண்ணீர் ஓடி முடிந்த பிறகு ஒரு ஸ்பூன் மணல் மிஞ்சும். அதைக் காயவைத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், அதில் ஒரு பங்கு மணலே இல்லை. சுருள் சுருளாக, அறை அறையாக ஓடுகள். ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிரிகள் கட்டிக்கொண்டவை. பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. உயிர் போனாலும் ஓடு சேற்றிலேயே தங்கிவிடும். அதன் மேல் அடுத்த வருடத்துச் சேறு படியும். எண்ணூர்க் கழிமுகமும் பழவேற்காடு ஏரியும் நம் தாத்தாக்கள் காலத்தில், அதற்கும் ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் எப்படி இருந்தன என்று இந்த ஓடுகளை வைத்துச் சொல்வதுதான் என் வேலை.

ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு தண்ணீர் ஒத்துப்போகும். குயின்குலோகுலினா பால் வெள்ளையில் பீங்கான் பளபளப்போடு இருக்கும். அது நிறைய இருந்தால் அங்கே கடல் தண்ணீர் தாராளமாக வந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். அம்மோனியா என்ற சுருள் ஓட்டுக்காரர் எதையும் தாங்குவார். ஐப்பசி மழையில் நன்னீர் கலந்தாலும் சரி, கோடையில் கடலைவிட உப்பு ஏறினாலும் சரி, அவர் இருப்பார். மிலியாமினா, அம்மோபாகுலைட்ஸ் போன்றவை சுண்ணாம்பே சுரப்பதில்லை. மணல் துகள்களைப் பொறுக்கி ஒட்டவைத்து ஓடு செய்துகொள்ளும். நன்னீர் அதிகம் கலந்த, இலை தழை அழுகிய சேற்றில் அவற்றுக்குத்தான் ஆதிக்கம். கீழ் அடுக்கில் முதல் வகை, மேல் அடுக்கில் கடைசி வகை மட்டும் என்றால், இடையில் எப்போதோ முகத்துவாரம் தூர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். சந்தேகம்தான். ஒரு சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

இந்த ஓடுகளைப் பொறுக்கி எடுக்கும் வேலையை நாங்கள் பிக்கிங் என்போம். கட்டம் போட்ட கறுப்புத் தட்டில் மணலை மெல்லத் தூவ வேண்டும். ட்ரிபிள் ஜீரோ தூரிகையின் நுனியைத் தண்ணீரில் தொட்டு, ஓட்டின் மேல் படாத மாதிரி படவைத்தால் ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கோந்து தடவிய அட்டை ஸ்லைடில், அதற்குரிய கட்டத்தில் விட வேண்டும். தூரிகையில் ஈரம் கூடினால் ஓடு மயிரிழைகளுக்குள் புகுந்துகொள்ளும். குறைந்தால் பாதி வழியில் விழுந்துவிடும். ஃபேன் போடக் கூடாது. மே மாதம், சென்னையில், ஃபேன் இல்லாமல் மணிக்கணக்கில் குனிந்திருப்பது என்றால் என்ன என்று இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு மாதிரியில் 300 ஓடுகளாவது எண்ணினால்தான் விகிதம் நம்பத் தகுந்ததாக இருக்கும் என்பது இந்தத் துறையின் வழக்கம். புதிதாகச் சேரும் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் சோர்ந்துபோவார்கள். எனக்கு வேலையிலேயே மிகவும் பிடித்தது இதுதான். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துத்தான் பெயர் சொல்ல வேண்டும் என்பதால், அவசரப்படுத்த யாராலும் முடியாது.

எண்ணுவதற்கு முன் இன்னொரு கேள்வி: இது இங்கேயே வாழ்ந்ததா, வெள்ளம் இழுத்துவந்து போட்டதா? மேல் சேறு என்றால் அள்ளிய கையோடு படகிலேயே ஆல்கஹாலும் ரோஸ் பெங்கால் சாயமும் கலந்துவிடுவோம். ஓட்டுக்குள் உயிர்ப்பொருள் இருந்தால் அந்த அறைகள் இளஞ்சிவப்பாகும்; காலி ஓடு வெள்ளையாகவே இருக்கும். ஆனால் உயிர் போன பிறகும் சில வாரங்களுக்கு உள்ளே மிச்சம் இருக்கலாம், அதுவும் சாயம் பிடிக்கும். அதனால் கடைசி அறைகள் வரை நன்றாகச் சிவந்தவற்றை மட்டும் உயிரோடு இருந்தவை என்று கணக்கில் எடுக்கிறோம்.

ஆழத்துச் சேற்றுக்குச் சாயம் உதவாது. அங்கே கைகொடுப்பது ஆஸ்ட்ரகாட். இரண்டு மூடிகளுக்குள் வாழும் நுண்ணிய இறால் உறவினர். முட்டையிலிருந்து வந்து பெரிதாவதற்குள் எட்டு முறை ஓட்டைக் கழற்றிப் போடும். கழற்றிய ஒவ்வொரு அளவும் சேற்றில் கிடக்கும். ஒரு தெருவில் கைக்குழந்தை முதல் கிழவர் வரை இருந்தால் அது குடியிருப்பு. ஒரே வயது ஆட்கள் மட்டும் இருந்தால் எங்கிருந்தோ வந்து இறங்கியவர்கள். ஆஸ்ட்ரகாட் ஓட்டையும் அப்படித்தான் படிக்கிறோம். எல்லா அளவும் கலந்து கிடந்தால் அங்கேயே வாழ்ந்தவை. ஒரே அளவு மட்டும் என்றால் நீரோட்டம் சலித்துக் கொண்டுவந்து போட்டவை.

சில அடுக்கில் ஒரு ஓடும் கிடைக்காது. உடனே அங்கே உயிரே இருந்ததில்லை என்று எழுதிவிட முடியாது. அலையாத்திக் காட்டுச் சேற்றில் இலை அழுகி அமிலம் ஏறும்; சுண்ணாம்பு ஓடு அதில் கரைந்துவிடும். அப்போது டயட்டம் பக்கம் போக வேண்டும். அது சிலிக்காவில் ஓடு செய்யும் பாசி, அமிலத்துக்கு அசையாது. புழல், ரெட்டேரி பக்கத்து நன்னீர்ச் சேற்றிலும் டயட்டம்தான் துணை. ஏரியில் சாக்கடை கலந்து சத்து கூடக் கூட, எந்த டயட்டம் பெருகும், எது ஒதுங்கும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம்.

சரி, இதெல்லாம் எதற்கு? பழைய தண்ணீர் உப்பா, சப்பா என்று தெரிந்து இப்போது யாருக்கு என்ன ஆகப்போகிறது? படகு ஓட்டும் அண்ணன் ஒருவர் இதை நேராகவே கேட்டார்: "ஏம்மா, சேத்தப் போய் இவ்ளோ காசு குட்த்து பாக்குறீங்களே, எங்கள கேட்டா நாங்களே சொல்ல மாட்டமா?" அவர் கேட்டது நியாயம். எந்த மாதத்தில் எங்கே ஆழம், எங்கே இறால் ஒதுங்கும், வாடைக் காற்றுக்குத் தண்ணீர் எப்படித் திரும்பும் என்று அவருக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்கு எனக்குத் தெரியாது. ஆனால் பிறகு ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்தில், அவர் வயதுடைய ஒருவர் எழுந்து, "எங்க அப்பா காலத்துல இந்த ஆத்துல ரெண்டாள் ஆழம், இப்ப முட்டி அளவு" என்றபோது, மேடையிலிருந்து வந்த பதில், "அதற்கு ஆதாரம் இருக்கிறதா?" அன்றைக்கு அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் என் வேலை யாருக்கு என்பது எனக்குத் தெளிவானது.

ஒரு தொழிற்சாலையோ துறைமுகமோ வருவதற்கு முன் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை எழுதுகிறார்கள். அதில் 'தற்போதைய நிலை' என்று ஒரு பகுதி வரும். பெரும்பாலும் மழை இல்லாத ஒரு பருவத்தில் தண்ணீரும் மண்ணும் எடுத்துச் சோதித்து, அதையே அந்த இடத்தின் இயல்பு என்று எழுதிவிடுகிறார்கள். எண்ணூரையோ பழவேற்காட்டையோ அறிந்த யாரும் இதை ஏற்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கொசஸ்தலையாறும் ஆரணியாறும் நன்னீர் கொண்டுவரும். கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால், தேங்கிய தண்ணீர் வெயிலில் சுண்டி, கடல் நீரின் சராசரியான ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பையும் தாண்டிவிடும். ஒரே இடம், ஒரே வருடம், மூன்று விதத் தண்ணீர். இதில் எந்த மாதத்தை இயல்பு என்பது?

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இன்று காலை போய் மாதிரி எடுத்தால், நாம் அளப்பது ஏற்கெனவே நொந்துபோன ஆற்றைத்தான். பிறகு வரும் ஒவ்வொரு திட்டமும் முந்தைய திட்டம் விட்டுவைத்ததை இயல்பு என்று கணக்கு வைக்கும். இப்படியே போனால் இயல்பு என்பது ஒவ்வொரு அறிக்கைக்கும் ஒரு படி கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். தண்ணீரில் இதற்குப் பதில் இல்லை, நேற்றைய தண்ணீர் நேற்றே கடலுக்குப் போய்விட்டது. சேற்றில் இருக்கிறது.

அந்தச் சேற்றை எடுக்க, கடல் வற்றத்தின்போது போய், பிவிசி குழாயை மரச் சுத்தியலால் நேராக இறக்க வேண்டும். மேல் வாயை இறுக மூடிவிட்டு இழுத்தால், உள்ளே சேறு கலையாமல் தூணாக வரும். பெரிய வித்தை இல்லை, தோள்பலம்தான். ஆய்வகத்தில் குழாயை நீளவாக்கில் அறுத்துத் திறப்போம். எண்ணூர்ப் பக்கத்துக் குழாயைத் திறந்தால் முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். மேலே சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி ஒரு படிவு. அதன் கீழே கருஞ்சேறு. அதற்கும் கீழே கிளிஞ்சல் கலந்த மணல் திட்டுத் திட்டாக. மேல் சேற்றில் காக்கா ஆழியின் ஓடும் வரும். தென் அமெரிக்காவிலிருந்து வந்து, ஆற்றடியில் கம்பளமாகப் படர்ந்து, இறால் மேயும் சேற்றை மூடிவிட்ட சிப்பி அது. மேலே மட்டும்தான் வரும்; கீழே போகப் போக இல்லை. அது அந்நியம் என்று சொல்லும் மீனவர்களுக்கு அந்தக் குழாயே சாட்சி.

சாம்பல் நிறப் படிவைச் சலித்துப் பார்த்தால், ஓடுகளுக்கு நடுவே கண்ணாடி மணிகள் கிடக்கும். அச்சில் வார்த்தது போன்ற உருண்டை. சில பளிங்கு நிறம், சில கறுப்பு. முதன்முதலில் பார்த்தபோது என்ன அழகு என்றுதான் தோன்றியது. நிலக்கரி எரியும் உலையின் வெப்பத்தில் அதிலுள்ள கனிமம் உருகி, புகையோடு பறக்கும்போதே குளிர்ந்து உருண்டையாகும்; நிலக்கரிச் சாம்பலில் இருப்பவை இந்த மணிகள்தான். இயற்கையான ஆற்று மணலில் இப்படி வராது. எண்ணூரில் நிலக்கரி அனல்மின் உற்பத்தி 1970களில் தொடங்கியது. ஆகவே, குழாயில் மணிகள் தலைகாட்டும் முதல் சென்டிமீட்டர் ஏறத்தாழ அந்தக் காலம். அதற்குக் கீழே மணி இல்லாத சேறு. அது அனல்மின் நிலையத்துக்கு முந்தைய ஆறு. ஈயம்-210 என்ற கதிரியக்கத் தனிமத்தை அளந்து இந்தக் கணக்கைச் சரிபார்க்கலாம். அதன் அரை ஆயுள் சுமார் 22 ஆண்டுகள் என்பதால் நூறு, நூற்றைம்பது வருடம் வரை நாள் குறிக்க முடியும். அதற்கும் முந்தையது என்றால் கார்பன்-14.

கார்பனை நம்பி ஆழமாக இறங்கினால் கதை பெரிதாகும். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றையதைவிட 120 மீட்டர் தாழ்வு. கரையே வெகு கிழக்கே இருந்தது. பனி உருகக் கடல் ஏறி, சுமார் 6000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தைத் தொட்டது. பிறகு மணல் திட்டுகள் எழுந்து கடலைத் தடுக்க, உள்ளே ஏரி பிரிந்தது. பழவேற்காட்டின் கதை சுருக்கமாக இதுதான்.

"அப்படியென்றால் மாறிக்கொண்டே இருக்கும் இடம்தானே, இப்போது மட்டும் ஏன் இவ்வளவு கூச்சல்?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். மாறியது உண்மைதான். முகத்துவாரம் அடைந்தால் ஓட்டு வகைகள் குறையும், தாங்கக்கூடியவை மட்டும் நிற்கும். திறந்தால் மற்றவை கடலோடு திரும்பி வரும். அடைவதும் திறப்பதும் இந்தக் கரையின் பழக்கம். ஆகையால், சாம்பல் படிந்த அடுக்குகளில் நான் தேடுவது வகைகள் குறைந்ததை அல்ல, திரும்பி வந்ததை. கடல் ஏற்றம் தினமும் வந்தும், பெருமழை வந்து போயும் அவை திரும்பவில்லை என்றால், காரணம் உப்பு அல்ல, அவை வாழ வேண்டிய தரை.

கோணல் ஓடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கழிவு கலந்த இடங்களில் ஃபோராம்களின் அறைகள் வீங்கியும், சுருள் திசை மாறியும், இரண்டு ஓடு ஒட்டியும் வரும். செய்தியாளர்களுக்கு இந்தப் படங்கள்மேல் ஆசை. ஆனால் உப்பு திடீரென்று ஏறி இறங்கினாலும் இதே கோணல் வரும். கழிமுகத்தில் அது தினசரி நடப்பது. கீழே, மணி இல்லாத சேற்றில் நூற்றுக்கு எத்தனை கோணல் என்று எண்ணி, அதோடு ஒப்பிட்டால்தான் மேலே உள்ளதற்கு மதிப்பு. ஆற்றின் பக்கம் நிற்கிறேன் என்பதற்காக இந்தக் கணக்கை நான் தளர்த்த மாட்டேன். தளர்த்தினால், மேடையிலிருந்து வந்த அதே கேள்வி நாளை என்னிடமும் வரும், அப்போது அந்தப் பெரியவருக்கும் சேர்த்துத்தான் தோல்வி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலையாற்றின் கரையெல்லாம் அப்பியது. மரத்தில், வலையில், படகில் பிடித்த எண்ணெயை எல்லோரும் பார்த்தோம். சேற்றுக்குள் போனதை யாரும் பார்க்கவில்லை. அந்தப் படிவின் மேல் இளஞ்சிவப்பு ஓடுகள் எப்போது, எந்த வரிசையில் திரும்புகின்றன என்பதை ஒவ்வொரு பருவத்திலும் போய்ப் பார்க்க வேண்டும். அது வருடக்கணக்கில் நீளும் வேலை.

இப்போது, படிந்த சாம்பலை அள்ளி ஆற்றை மீட்கலாம் என்ற பேச்சு பல இடங்களில் நடக்கிறது. மனதார வரவேற்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: இயந்திரம் இறங்குவதற்கு முன் ஆற்றின் குறுக்கே வரிசையாகக் குழாய்களை இறக்கிச் சேறு எடுத்துவிடுங்கள். அள்ளிய பிறகு எடுக்க ஒன்றும் இருக்காது. அந்த ஆற்றின் பழைய கணக்கு முழுவதும் லாரியில் ஏறிப் போயிருக்கும். எவ்வளவு ஆழம் அள்ளுவது என்பதற்கும் அந்தக் குழாய்தான் பதில். குறைவாக அள்ளினால் சாம்பல் தங்கும், கூடுதலாக அள்ளினால் இறாலும் நண்டும் வாழ்ந்த பழைய தரையே போய்விடும். ஒப்பந்தத்தில் எல்லா இடத்துக்கும் ஒரே மீட்டர் கணக்கு எழுதாமல், ஒவ்வொரு இடத்திலும் கண்ணாடி மணி முடிந்து பழைய சேறு தொடங்கும் ஆழத்தை அளந்து எழுதுங்கள். அந்த அளவுகளை எடுத்துத்தர எங்கள் ஆய்வகம் போல இந்த ஊரில் இன்னும் சில உண்டு. கேட்டால் போதும்.