அப்பாவின் இரட்டைக்குழல்

வருகிற தையோடு அப்பா போய் இரண்டு வருஷம். அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கி இன்னும் போலீஸ் ஸ்டேஷனில்தான் கிடக்கிறது.

அந்தியூரிலிருந்து பர்கூர் மலையைப் பார்த்த பக்கம் எங்கள் தோட்டம். அடுத்த தோட்டத்து வீட்டுக்கு முக்கால் கிலோமீட்டர் நடக்க வேண்டும். கடலை முற்றுகிற நாளில் காட்டுப்பன்றி கூட்டமாக இறங்கும். அப்பா வாசலில் நின்று வானத்தைப் பார்த்து ஒரு வெடி விடுவார், விடியும்வரை ஒன்றும் எட்டிப் பார்க்காது. ஒரு உயிரைச் சுட்டவரில்லை. மாதம் ஒருமுறை திண்ணையில் குழலைக் கழற்றி வைத்து, நீளக் கம்பியில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, எண்ணெய் தொட்டு இழுப்பார். முதலில் கறுப்பாக வரும். "இன்னொரு துணி குடு கண்ணு" என்பார். துணி வெள்ளையாக வரும்வரை விடமாட்டார்.

தேர்தல் வந்தால் ஒப்படைக்க வேண்டும். 2019 ஏப்ரலில் பாராளுமன்றம், அதே டிசம்பரில் உள்ளாட்சி, 2021 ஏப்ரலில் சட்டமன்றம். இரண்டு வருஷத்தில் மூன்று தடவை சாக்கில் சுற்றி மொபெட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர்மேல் ஒரு புகார்கூடக் கிடையாது. கடைசித் தடவை திரும்பி வந்தபோது குழல் உள்ளே துரு பிடித்திருந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

காரியம் முடிந்ததும் முறைப்படி ஒப்படைத்துவிட்டு, வாரிசு என்று என் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு மனு கொடுத்தேன். "பொம்பளைக்கு எதுக்கும்மா துப்பாக்கி? கேமரா மாட்டுங்க, நாய் வளருங்க" என்றார்கள். வந்தவன் யார் என்று கேமரா மறுநாள் காட்டும். வருகிறவனை அது நிறுத்துமா? 2024 நவம்பரில் பல்லடம் சேமலைக்கவுண்டன்பாளையத்தில் தோட்டத்து வீட்டிலேயே ஒரே குடும்பத்தில் மூன்று பேரைக் கொன்றார்கள். ஆறு மாதத்துக்குள் சிவகிரிப் பக்கம் ஒரு வயதான தம்பதி. அதற்கப்புறம் அம்மா இருட்டினால் வாசல் தாண்டுவதில்லை.

இந்தப் பூட்டு இன்று போட்டதில்லை. 1878இல் வைஸ்ராய் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். இந்தியனுக்கு லைசென்ஸ், வெள்ளைக்காரனுக்கு வேண்டாம். அதே வருஷம்தான் இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டும் சட்டமும் வந்தது. கையையும் வாயையும் ஒரே ஆள், ஒரே வருஷத்தில் கட்டினார். பத்திரிகைச் சட்டம் சில வருஷத்தில் போய்விட்டது. ஆயுதச் சட்டம் போகவில்லை. 1931 கராச்சி மாநாட்டில் காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதும் அடிப்படை உரிமை என்று தீர்மானம் போட்டது. அரசியல் சாசனம் வந்தபோது அந்த வரி இல்லை. 1959இல் நம் அரசே புதிய சட்டம் போட்டது, லைசென்ஸ் தொடர்ந்தது. ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை 2019 டிசம்பரில் இரண்டாக்கினார்கள். மசோதாவில் முதலில் ஒன்றுதான் இருந்தது.

அமெரிக்காவில் நடக்கும் துப்பாக்கிச் சூட்டைப் பார் என்பார்கள். பெட்டிக்கடையில் விற்கச் சொல்லவில்லை நான். விசாரிக்கட்டும், பயிற்சி கொடுக்கட்டும். குற்றமில்லை என்றால் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லட்டும். இப்போது நான்தான் என் பயத்தை மேசை மேசையாகப் போய் நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

போன வாரமும் போனேன். ஃபைல் மேலே போயிருக்கிறதாம். அன்று ராத்திரி கடலைக்காட்டில் பன்றி இறங்கியது. அம்மா கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, ஜன்னல் ஓரம் நின்று எண்ணெய்த் தகரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். காலையில் பார்த்தால் கிழக்கு மூலையில் பத்துச் சால் கடலை போயிருந்தது.