அப்பாவுக்க கட்டி சுருங்கல, டாக்டருக்கு சந்தோசம்

மலம் கருப்பா போகுதுன்னு அப்பா சொன்னப்ப ரத்தம் 7 கிராம்தான் இருந்து. மார்த்தாண்டத்துல எண்டோஸ்கோப்பி பாத்தா உள்தோல் வழுவழுன்னு நல்லாதான் இருக்கு, ஒரு இடம் மட்டும் மேடா தள்ளிட்டு நிக்கி, சதை எடுத்து அனுப்புனதுல ஒண்ணும் இல்ல. பொறவு திருவனந்தபுரத்துல எண்டோஸ்கோப்பியோட அல்ட்ராசவுண்டு வச்சு ஊசியில எடுத்து, சி.டி.117-ங்கிற புரதத்த காட்டுற சாயம் போட்டப்பதான் ஜிஸ்ட்டுங்கிற கேன்சர் கட்டின்னு தெரிஞ்சுது. இது உள்தோல்ல வாற கேன்சர் இல்ல, வயித்துக்க சுவருக்குள்ள வாறது. அதான் மேலால கிள்ளி எடுத்தா சிக்காது.

அதுக்கு மருந்து இமாட்டினிப் 400 மில்லிகிராம் மாத்திரை, தினம் ஒண்ணு. மரச்சீனியும் மீன்கறியும் தின்னுட்டு ஒரு பெரிய கிளாஸ் தண்ணியில விழுங்குவாரு. காலையில கண்ணு ரெண்டும் வீங்கியிருக்கும், "ராத்திரி முழுக்க அழுதியளா"ன்னு அம்மை கிண்டலு.

மூணு மாசம் கழிச்சு சி.டி. ஸ்கேன் எடுத்தா அதே 9 சென்டிமீட்டர். எனக்கு கை விறைச்சிட்டு. டாக்டரு ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சு, "அளவ விடுங்க, முந்தி வெளுப்பா இருந்தது இப்ப கருத்திருக்கு பாத்தியளா, உள்ள செத்துட்டு வருது"ன்னாரு. இந்த மாத்திரைக்கு அப்படித்தானாம், மொதல்ல நெறம் மாறும், சுருங்க நாளாகும்.

முள்சீதா இலைய அவிச்சு குடிக்கச்சொல்லி வாற சொந்தக்காரங்களே, ஒரு கும்பிடு.

ஆப்பரேஷன் அடுத்த ஸ்கேனுக்கு பொறவுதான்.