காலமானார் என்று போட்டால் வம்பு இல்லை

நாகர்கோவிலில் ஒரு அச்சகத்தில் டி.டி.பி. வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு வயது 21. முதல் வாரம் கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோவில் கொடை நோட்டீஸ் என்று போனது. இரண்டாவது வாரம் ஒரு ராத்திரி, ஷட்டரைப் பாதி இறக்கிய நேரத்தில் இரண்டு பேர் பைக்கில் வந்து இறங்கினார்கள். ஒருவர் பழைய கல்யாண குரூப் போட்டோ ஒன்றை மேசையில் வைத்து, மூன்றாவது வரிசையில் நின்றவரின் முகத்தில் விரலை வைத்தார். "இவரு சாயங்காலம் போயிட்டாரு. விடியுறதுக்குள்ள நூறு போஸ்டர் வேணும்."

பெயர், வயது, அடக்கம் எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் அவர்களே எழுதிக் கொண்டு வந்துவிடுவார்கள். செத்தவர் எங்கே போனார் என்பதை மட்டும் நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாமல் ஒரு சாவு போஸ்டரை முடிக்க முடியாது.

எங்கள் ஊரில் போகிற இடங்கள் நிறைய. சைவ வீட்டில் இருந்து வந்தால் சிவலோக பதவி. நாமம் போடுகிற வீடு என்றால் வைகுண்ட பதவி அல்லது பரமபதம். சி.எஸ்.ஐ. சபைக்காரர்கள் கர்த்தருக்குள் நித்திரை அடைவார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் தூங்குவதில்லை, மகிமைக்குள் பிரவேசிப்பார்கள். சாமித்தோப்புப் பக்கம் அய்யா வைகுண்டரை வணங்குகிற அய்யாவழிக் குடும்பம் என்றால் எல்லாவற்றுக்கும் மேலே 'அய்யா உண்டு' என்று வர வேண்டும். கடவுளைப் பற்றி ஒரே சொல்லில் இவ்வளவு அடக்கமாகச் சொன்ன வேறு வரியை நான் அடித்ததில்லை. எப்படிப்பட்டவர், எங்கே இருப்பவர் என்றெல்லாம் இல்லை. உண்டு, அவ்வளவுதான்.

ஒரு சைவப் பெரியவர் புரூஃப் பார்க்க வந்தபோது எனக்குப் பாடமே நடத்தினார். சிவலோகத்தில் போய் இருப்பது சாலோகம், அது முதல் படி. அப்புறம் பக்கத்தில் இருப்பது சாமீபம், அவர் வடிவமே பெறுவது சாரூபம், கடைசியில் அவரோடு ஒன்றிவிடுவது சாயுச்சியம். "நீங்க எல்லாரையும் முதல் படியிலேயே நிறுத்திடுதீங்க தம்பி" என்றார். அப்போ என்ன போடட்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, பதவின்னே இருக்கட்டும். எந்தப் படின்னு நமக்கெப்படித் தெரியும்" என்றார்.

இத்தனை வருடத்தில் ஒரு விஷயம் மட்டும் எனக்கு விளங்கவே இல்லை. எங்கள் ஊர் இந்துக் குடும்பங்களில் மறுபிறப்பை நம்பாதவர்கள் குறைவு. பேரன் பிறந்தால் தாத்தாவே வந்துவிட்டார் என்பார்கள், அவர் பெயரையே வைப்பார்கள். ஆடி அமாவாசைக்குக் கன்னியாகுமரியில் போய் எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள். ஆனால் 'மறுபிறவி எடுத்துள்ளார்' என்று ஒரு போஸ்டர்கூட நான் அடித்ததில்லை. சுவரில் ஒட்டும்போது மட்டும் எல்லோரும் போன இடத்திலேயே தங்கிவிடுகிறார்கள்.

கம்ப்யூட்டரில் ஒரு மாதிரி ஃபைல் வைத்திருந்தோம். அதன் கடைசி வரி, 'அன்னாரின் ஆன்மா சாந்தியடைய எல்லாம் வல்ல இறைவனைப் பிரார்த்திக்கிறோம்.' எந்த மதத்துக்கும் பொருந்துகிற வரி என்று நினைத்திருந்தேன். சி.எஸ்.ஐ. சபைப் பெரியவர் ஒருவர் பேனாவை எடுத்து அந்த வரியை மட்டும் அடித்தார். "செத்தவங்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் எங்கள்ட்ட இல்ல. குடும்பத்தாருக்கு ஆறுதல் கிடைக்கணும்னு போடுங்க." அதே வாரம் கோட்டாறில் இருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பத்துக்கு அந்த ஒரு வரி போதவில்லை. மோட்சத்துக்குப் போகும் முன் பாவக் கறை நீங்கக் காத்திருக்கிற இடமான உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கிற ஆன்மாவுக்கு உயிரோடு இருப்பவர்களின் ஜெபம் உதவும் என்பது அவர்கள் நம்பிக்கை. முப்பதாம் நாள் திருப்பலிக்குத் தனி அட்டை அடிப்பார்கள். நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தி எரியும். இரண்டு வீட்டிலும் மேலே இருப்பது ஒரே சிலுவைதான்.

கடவுளின் பெயரிலும் இதே கதை. எங்களிடம் புரூஃப் பார்க்க வந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்தான் இதை விளக்கினார். பழைய கத்தோலிக்கப் புத்தகங்களில் சர்வேசுரன். 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மிஷனரி ஃபப்ரிஷியஸ் மொழிபெயர்த்த வேதாகமத்தில் பராபரன். 1871-இல் வந்த மொழிபெயர்ப்பில் தேவன், கர்த்தர். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் கடவுள், ஆண்டவர். அதனால் வசனம் போடச் சொன்னால் முதலில் எந்த பைபிள் என்று கேட்பேன். கர்த்தர் மேய்ப்பராயிருக்கிற வீட்டில் ஆண்டவர் ஆயராக இருக்க முடியாது.

முஸ்லிம் வீடுகளில் இருந்து போஸ்டருக்கு யாரும் அதிகம் வருவதில்லை. மௌத் செய்தியைப் பள்ளிவாசலில் அறிவித்துவிடுவார்கள், நாங்கள் மெஷினைப் போடுவதற்குள் நல்லடக்கமே முடிந்திருக்கும். வாட்ஸ்அப் வந்த பிறகு படமில்லாத அறிவிப்பு ஒன்றை வடிவமைத்துக் கேட்கிறார்கள். அதில் 'தாருல் ஃபனாவை விட்டு தாருல் பகாவை அடைந்தார்கள்' என்று வரும். அழியும் வீட்டை விட்டு அழியாத வீட்டுக்குப் போனார் என்று அர்த்தம். முதல் தடவை நான் இரண்டையும் இடம் மாற்றி அடித்துவிட்டேன். பார்த்தவர் சத்தமில்லாமல் சிரித்தார். "பரவாயில்ல, திருப்பி அனுப்பிருங்க" என்றார்.

எல்லோரும் அப்படிச் சிரிக்க மாட்டார்கள். கருப்புச் சட்டைக்காரர் ஒருவர் இறந்தபோது அவசரத்தில் முந்தின நாள் ஃபைலைத் திறந்து, பெயரையும் படத்தையும் மாற்றி, மெஷினுக்கு அனுப்பிவிட்டேன். 'இயற்கை எய்தினார்' என்று வர வேண்டிய இடத்தில் 'இறைவனடி சேர்ந்தார்' என்று நின்றது. காலையில் மகன் ஒரு போஸ்டரைச் சுருட்டிக்கொண்டு வந்தார். சத்தம் போடவில்லை. "எங்க அப்பா அம்பது வருஷம் அந்த ஆளுக்குத் தண்ணி காட்டினாரு. செத்த அன்னைக்குக் கொண்டுபோய் அவன் காலடியில போட்டுட்டீங்களே" என்றார். காசு வாங்காமல் புதிதாக அடித்துக் கொடுத்தேன். ஒட்டியதைக் கிழிக்க நானும் கூடப் போனேன். அவர்கள் வீட்டில் பதினாறாம் நாள் சடங்கான அடியந்திரம் கிடையாது. அதற்குப் பதில் நடந்த படத்திறப்புக்கும் என்னிடம்தான் நோட்டீஸ் அடிக்க வந்தார். இந்தத் தடவை வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு சந்தேகம் வந்தால் 'காலமானார்' என்று போட ஆரம்பித்தேன். அதற்கு யாரும் மறுப்புச் சொன்னதில்லை. "காலமாவே ஆயிட்டார்னு வச்சுக்கோ. எதுக்குள்ளயும் போகல, எதையும் சேரல" என்பார் தமிழாசிரியர். அவர் போனபோது அவருக்கும் அதையே போட்டேன். அவர் எதை நம்பினார் என்று ஒருநாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நான் செய்ததிலேயே கஷ்டமான போஸ்டர் ஓர் அம்மாவுடையது. மூத்த மகன் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர், இளையவர் கோவில் கமிட்டியில் இருக்கிறவர். பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா கடைசி இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை மூத்தவரோடு சபைக்கும், செவ்வாய்க்கிழமை இளையவரோடு அம்மன் கோவிலுக்கும் போய் வந்திருக்கிறார். மகிமையா, இறைவனடியா என்று பேச்சு நீண்டது. நான் காலமானாரைச் சொல்லிப் பார்த்தேன். இந்த ஒரு தடவை அதுவும் எடுபடவில்லை. கடைசியில் ஆளுக்கு ஐம்பதாகப் பிரித்துக்கொண்டார்கள். இருந்தது ஒரே ஒரு படம்தான், நெற்றியில் பெரிய பொட்டோடு. மூத்தவர் தயங்கித் தயங்கி, "பொட்டு வேண்டாம்" என்றார். ஃபோட்டோஷாப்பில் அதை எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அன்றைக்கு எனக்குக் கால் மணி நேரம் ஆனது.

ஒட்டுகிற பையனுக்கு இதெல்லாம் தெரியாது. வடசேரியில் ஒரு சுவரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தான். சாயங்காலம் அந்த வழியாக வந்தபோது ஸ்கூட்டியை நிறுத்தி ஒரு பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "ரெட்டப் பிள்ளைங்களா அண்ணே? ஒரே நாள்லயா போனாங்க?" என்று கேட்டாள்.