விளக்குக் கம்பத்தில் ஓர் அறிவித்தல்

இந்த முறை திருகோணமலைக்குப் போயிருந்தபோது உறவினர் பலரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “பக்கத்து வீட்டுக்காரி மறித்ததால் சொந்த வளவில் ஓர் அறை கட்ட முடியாமல் போய்விட்டதாமே, உண்மையா?” லண்டனிலிருந்து, திருகோணமலையில் உறவினர் இருக்கும் உவர்மலைக்கு வந்து சேர்வதற்குள் செய்தி பாதி மாறிவிட்டிருந்தது. கட்டினோம். ஆனால் முதலில் வரைந்தபடி கட்டவில்லை. ஏன் என்பதை முழுமையாகக் கேட்க விரும்பியவர் மாமா ஒருவர்தான். நகரசபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவர்; கட்டட வரைபடங்களைப் பார்த்தே வயது போனவர். விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, “முதலிலிருந்து சொல்லுங்கள் மருமகன், விண்ணப்பம் முதலில் யாருடைய மேசைக்குப் போகிறது?” என்று தொடங்கினார்.

இங்கிலாந்தில் காணி உறுதி கையில் இருந்தால் மட்டும் கட்டிவிட முடியாது. 1947ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டத்திலிருந்து, எந்தக் கட்டுமானத்துக்கும் உள்ளூர் கவுன்சிலின் அனுமதி தேவை என்பது பொது விதி. இப்போது நடைமுறையில் இருப்பது 1990ஆம் ஆண்டுச் சட்டம். சிறிய வேலைகளுக்கு விலக்கு உண்டு: சுவர் ஒட்டிய வீடாக இருந்தால், பின்பக்கத்தில் 3 மீற்றர் வரை ஒரு மாடி நீட்டிப்பை, நிபந்தனைகளுக்குள் அடங்கினால், திட்டமிடல் விண்ணப்பம் இல்லாமலே கட்டலாம். எங்களுக்கு வேண்டியது இரண்டு மாடி. மாமியார் எங்களோடு வந்திருக்கப் போகிறார். அவருக்குக் கீழே ஓர் அறையும் குளியலறையும், மேலே பிள்ளைகளுக்கு ஓர் அறை. ஆகவே விண்ணப்பித்தோம். இப்படிப்பட்ட விண்ணப்பத்துக்கு எட்டு வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும். இடையில் அயலவருக்குக் கடிதம் போகும். சில வேளைகளில் தெருவிலுள்ள விளக்குக் கம்பத்தில் அறிவித்தல் கட்டப்படும். கருத்துச் சொல்ல 21 நாட்கள். கட்டணம் எவ்வளவு என்றார் மாமா. 2025 ஏப்ரலில் 258 பவுணிலிருந்து 528 பவுணாக உயர்ந்துவிட்டது என்றேன். ரூபாயில் கணக்குப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

பக்கத்து வீட்டு மூதாட்டி மூன்று காரணங்களை எழுதியிருந்தார். தன் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் வெளிச்சம் குறையும். தன் வீட்டின் விலை விழும். எங்கள் வீட்டில் ஆட்கள் அதிகமாகிவிடுவார்கள். கடைசி வரியை வாசித்தபோது மனைவியின் முகம் வாடியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் கவுன்சில் உத்தியோகத்தரின் அறிக்கை வந்தபோதுதான் இந்த நாட்டின் ஒரு நல்ல பழக்கத்தை நேரில் கண்டேன். மூன்று காரணங்களையும் அவர் தனித்தனியாக எடுத்து நிறுத்துப் பார்த்திருந்தார். வீட்டின் விலை திட்டமிடலில் கருத்தில் எடுக்கப்படும் விடயம் இல்லை என்று ஒதுக்கியிருந்தார். ஒரே குடும்பமாக வாழும் வீட்டில் பாட்டி ஒருவர் கூடுவதும் மறுப்பதற்குக் காரணம் ஆகாது. வெளிச்சம் மட்டும் நின்றது. பல கவுன்சில்கள் ஓர் எளிய அளவுகோலை வைத்திருக்கின்றன: பக்கத்து யன்னலின் நடுவிலிருந்து 45 பாகையில் ஒரு கோடு வரைந்து, புதிய சுவர் அந்தக் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். எங்கள் மேல்மாடி தாண்டியது. அதைக் குறைத்து வரைந்து கொடுத்தோம். பக்கவாட்டு யன்னலுக்கு ஊடு தெரியாத கண்ணாடி போட வேண்டும், அறையின் தரையிலிருந்து 1.7 மீற்றர் உயரம் வரை அது திறக்கக் கூடாது, மூன்று ஆண்டுகளுக்குள் வேலையைத் தொடங்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு அனுமதி வந்தது. பிள்ளைகளின் அறை சிறிதாகிப் போனது. அந்த மூதாட்டியின் சமையலறையில் காலை வெயில் இன்றும் விழுகிறது. அது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன்.

மாமா இதைக் கேட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எங்கள் சனம் வெளிச்சம் போகிறது என்று ஒருநாளும் முறைப்பாடு கொண்டுவந்ததில்லை” என்றார். உண்மைதான். ஊரில் சித்திரை வெயிலில் பக்கத்து வீட்டு மதிலின் நிழல் விழுந்தால் அதைச் சகாயம் என்றுதான் எடுப்போம். திருகோணமலையில் சண்டை வேறு இடத்தில் பிடிக்கும்: கூரைத் தண்ணீர் யாருடைய வளவுக்குள் விழுகிறது, மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் எத்தனை அடி, கதியால் போட்ட வேலி ஒவ்வொரு மாரிக்கும் எப்படி நகர்கிறது, ஒழுங்கையால் ஓட்டோ போக இடம் இருக்கிறதா. மாமாவின் வேலை வீதிக்கோட்டை அளப்பதும், வரைபடத்தை 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தோடும் 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தோடும் ஒப்பிட்டுப் பார்ப்பதும், முடிந்த பிறகு, வரைபடத்தின்படியே கட்டியிருக்கிறது என்ற இணக்கச் சான்றிதழுக்காகப் போய்ப் பார்ப்பதும். தன் காலத்தில் சாதாரண வீடு ஒன்றுக்காக அயலவருக்குக் கடிதம் எழுதிக் கேட்ட வழக்கம் இருந்ததில்லை என்றார். அயலவர் கோபத்தோடு கந்தோர் வாசலுக்கு வந்த பிறகுதான் கதையே தெரியவரும். அதற்குள் அத்திவாரம் போட்டிருப்பார்கள்.

வீட்டைவிட எனக்கு நெருக்கமான கதை கடையுடையது. திருகோணமலையின் திருக்கடலூரைச் சேர்ந்த நண்பர் ஒருவர், எங்கள் பகுதிக் கடைத்தெருவில் நீண்ட காலம் பூட்டிக் கிடந்த இரும்புச் சாமான் கடையொன்றைக் குத்தகைக்கு எடுத்தார். மரக்கறி, அரிசி, மீன் விற்கும் கடை. அந்தத் தெரு பாதுகாக்கப்பட்ட பகுதி. 1967ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் தொடங்கிய ஏற்பாடு அது. தெருவின் பழைய தோற்றத்தைப் பேண வேண்டும் என்பது அதன் நோக்கம். கடையின் முகப்பை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், விளக்கெரியும் பெயர்ப்பலகைக்குத் தனியே விளம்பர அனுமதி வேண்டும். நண்பர் கேட்டது அலுமினிய முகப்பு, வெளியே முழுவதுமாக மூடும் உருளைக் கதவு, உள்ளே விளக்கெரியும் பெட்டிப் பலகை. ஆட்சேபணைகள் குவிந்தன. மீன் வாடை, லொறிகள், இரவில் இரும்புக் கதவுகளால் தெரு இருண்டு போவது. அவற்றோடு, தமிழ் எழுத்துகள் இந்தத் தெருவுக்குப் பொருந்தாது என்றும் சிலர்.

அந்தக் கடைசி ஆட்சேபணை எங்களை நோகடித்தது. ஆனால் அதற்கு அங்கே எடை இல்லை. 2007ஆம் ஆண்டு விளம்பரக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி கவுன்சில் பார்க்க வேண்டியவை இரண்டு: சுற்றாடலின் தோற்றம், பொதுமக்களின் பாதுகாப்பு. பலகையின் அளவையும் ஒளியையும் பற்றிக் கேட்கலாம். பலகையில் இருப்பது எந்த மொழி என்பதற்காக மறுக்க முடியாது. இதை அறிந்ததும் நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அதன் பிறகுதான் கடினமான வேலை. கடை வேண்டும் என்று எங்கள் ஆட்கள் எழுத வேண்டும். கோயிலில் ஒரு தாளை நீட்டினால் கையொப்பம் போடுவார்கள். ஆனால் ஒரே வசனத்தின் கீழ் நூறு கையொப்பம் இருந்தாலும் அது ஒரு காரணம்தான். இங்கே தலைகளை எண்ணுவதில்லை, காரணங்களை நிறுக்கிறார்கள். ஆளுக்கு ஒரு கடிதம், அவரவர் சொந்தக் காரணத்தோடு வேண்டும். அது பெயரோடும் விலாசத்தோடும் போக வேண்டும். பெயர் கவுன்சிலின் பொதுக் கோப்பில் எல்லோரும் பார்க்கக்கூடியதாக இருக்கும் என்றதும் பலர் பின்வாங்கினார்கள். ஊரிலிருந்து வந்த ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்து, “பெயர் மட்டும் வேண்டாம் ராசா” என்றார்.

அவரை யாரும் குறை சொல்லக் கூடாது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலைப் படையினரிடம் கொடுத்துவைத்திருந்த ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். பட்டியலில் இல்லாத ஒருவர் இரவில் தங்கினால் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. பட்டியலில் இருந்த ஒருவர் இரவில் இல்லாவிட்டாலும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போது நடுங்கிய கை, எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும், அரசாங்கத் தாளில் விலாசம் எழுதத் தயங்கும். புலம்பெயர்ந்தவர்கள் உள்ளூர் விடயங்களில் அக்கறை காட்டுவதில்லை என்று இங்கே கூட்டங்களில் பேசுகிறார்கள். அவர்கள் இந்தப் பயத்தை அறிய மாட்டார்கள். நான் வீடு வீடாகப் போய் இருந்து, அவர்கள் தமிழில் சொல்வதைக் கேட்டு, ஆங்கிலத்தில் எழுதி வாசித்துக் காட்டினேன். பஸ் ஏறாமல் நடந்து போய்ச் சாமான் வாங்கலாம் என்றார் ஒருவர். பூட்டிய கடையின் வாசலில் குப்பை கொட்டுகிறார்கள், இரவில் அந்தப் பக்கம் நடக்கப் பயம் என்றார் ஒரு தாதி. இவை திட்டமிடலில் எடை உள்ள காரணங்கள். பெரியம்மாவும் கடைசியில் பெயரோடு எழுதினார்.

இங்கிலாந்தில் பெரும்பாலான விண்ணப்பங்களைக் கவுன்சில் உத்தியோகத்தர்களே முடிவு செய்கிறார்கள்; பத்தில் ஒன்றுகூடத் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்களின் குழுவின் முன் வருவதில்லை. எங்கள் வட்டார உறுப்பினர் கேட்டுக்கொண்டதால் இது திட்டமிடல் குழுவுக்குப் போனது. கூட்டத்துக்கு ஐந்து முழு நாட்களுக்கு முன்பே அறிக்கை வெளியானது. இரும்புக் கதவுக்கும் பெட்டிப் பலகைக்கும் உத்தியோகத்தர் ஒப்பவில்லை. நண்பர் உடனே வரைபடத்தை மாற்றினார்: பழைய மரச் சட்டமும் பக்கத் தூண்களும் அப்படியே இருக்கும், கண்ணாடிக்கு உள்ளே ஊடு தெரியும் கம்பிக் கதவு, மரப்பலகையில் தீட்டிய பெயர், அதற்கு வெளியிலிருந்து மெல்லிய விளக்கு.

மண்டபத்தில் எதிர்ப்பவருக்கு மூன்று நிமிடம், விண்ணப்பதாரருக்கு மூன்று நிமிடம். நண்பர் எழுதி வைத்ததை வாசிக்கத் தொடங்கி, பாதியில் தாளை மடித்துவிட்டு, அதிகாலையில் தகப்பனோடு கரைவலை இழுத்ததையும், மீனை எப்படிப் பனிக்கட்டியில் வைத்தால் வாடை வராது என்பதையும் தன் சொந்த ஆங்கிலத்தில் சொன்னார். லொறி எத்தனை மணிக்கு வரும் என்று ஒரு பெண் உறுப்பினர் கேட்டார். காலை ஏழு மணிக்கு முன் வராது என்றார். அதையே நிபந்தனையாக எழுதினார்கள். கைகள் உயர்ந்தன, அனுமதி கிடைத்தது. எதிர்த்துப் பேசிய மனிதர் வாசலில் நண்பரின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

மாமா இங்கேதான் இடைமறித்தார். “மறுத்திருந்தால் உங்கள் நண்பருக்கு வழி இருந்ததா?”

“இருக்கிறது மாமா. மத்திய திட்டமிடல் பரிசோதகரிடம் மேன்முறையீடு செய்யலாம். கடை முகப்புக்கு 12 வாரத்துக்குள் கொடுக்க வேண்டும். கவுன்சில் நியாயமில்லாமல் நடந்திருந்தால் செலவுத் தொகையும் கேட்கலாம்.”

“அந்த எதிர்த்த மனிதருக்கு?”

அவருக்கு மேன்முறையீடு இல்லை. சட்டப் பிழை இருந்தால் ஆறு வாரத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். அதற்கு எத்தனை பேரிடம் பணம் இருக்கிறது? “அப்படியானால் அது அரை நீதி” என்றார் மாமா. அதில் எனக்கும் மறுப்பில்லை.

பிறகு பேச்சு எங்கள் ஊருக்கே திரும்பியது. 2005 மே மாதம், சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் பக்கத்தில், ஓர் இரவில் புத்தர் சிலை எழுந்தது. ஊராரிடம் யாரும் முன்கூட்டிக் கருத்துக் கேட்கவில்லை. கடைகள் அடைக்கப்பட்டன, சிலையைச் சுற்றி முட்கம்பி வந்தது. அந்த நாட்களை மாமா இன்னும் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறார். அண்மைக் காலத்திலும் 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும்வரை, அநேகமாக நாடு முழுவதும் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் இல்லாமலே சபைகள் ஓடின. ஒழுங்கைத் தகராறு ஒன்றைக் கொண்டுபோய்ச் சொல்வதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக வட்டார உறுப்பினர் இல்லை. இப்போது இருக்கிறார்கள். கட்டட விண்ணப்பங்களை ஊர் பார்க்கும்படி வைக்கச் சொல்லி அவர்களிடம் கேட்க வேண்டும் என்று மாமா சொன்னார். கடை விண்ணப்பத்தின் அறிக்கையை அவருக்கு அச்செடுத்துக் கொடுத்தேன். பென்சிலோடு இருந்து ஓரங்களில் குறித்தபடி முழுவதையும் வாசித்தார்.

இங்கிலாந்திலும் இது எப்போதும் இப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. 2025ஆம் ஆண்டு அரசு ஒரு யோசனையை முன்வைத்துக் கருத்துக் கேட்டது: வீட்டு நீட்டிப்புகளும் சிறு வணிக விண்ணப்பங்களும் குழுவுக்கே போகாமல், எல்லாவற்றையும் உத்தியோகத்தர்களே முடிவு செய்ய வேண்டும் என்பது அதில் ஒன்று. வேகம் வேண்டும், வீடுகள் வேண்டும் என்கிறார்கள். வீடு தேவை என்பதை வாடகை கட்டும் எங்கள் பிள்ளைகளைப் பார்த்தே அறிவேன். ஆனால் அந்த விதி முன்பே இருந்திருந்தால் நண்பருக்கு அந்த மூன்று நிமிடம் கிடைத்திருக்காது. லொறி நேரத்தைப் பற்றி யாரும் அவரை முகம் பார்த்துக் கேட்டிருக்க மாட்டார்கள். இதைத்தான் அரசுக்கு எழுதி அனுப்பினேன், பெயரோடும் விலாசத்தோடும். பெரியம்மாவும் தனியாக ஒரு கடிதம் எழுதுவித்து அனுப்பினார்.