மைக்ரேனுக்கு எழுதித் தந்த "எஸ்ஓஎஸ்" மாத்திரை: பட்டுத் தெரிந்துகொண்டவை

ஸ்கேன் வேண்டாம், மைக்ரேன்தான் என்று நரம்பியல் மருத்துவர் உறுதியாகச் சொல்லி, சீட்டு கைக்கு வந்தது வரை ஒரு குறையும் இல்லை. தொல்லை சீட்டில்தான் தொடங்கியது. அதில் இரண்டு மருந்து. ஃபுளூனரிசின் 10 மி.கி., 0-0-1, அதாவது காலை, மதியம் இல்லை, இரவு ஒன்று. சுமாட்ரிப்டான் 50 மி.கி., எஸ்ஓஎஸ், அதாவது தேவைப்படும்போது மட்டும். மருந்துக்கடையில் இரண்டையும் ஒரே காகித உறையில் போட்டு, "தலைவலி வந்தா போட்டுக்கோங்க" என்று கொடுத்துவிட்டார்கள். அந்த ஒரு வரியை நம்பியதால் அனுபவித்த வலி கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டும் வேறு வேறு வேலைக்கான மருந்துகள். ஃபுளூனரிசின் தடுப்பு மருந்து. வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் இரவில் போட வேண்டும், பலன் தெரியவே சில வாரம் ஆகும். தலை பிளக்கும்போது அதைப் போட்டுக்கொண்டு காத்திருந்தால் தூக்கம் வருமே தவிர வலி போகாது. புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், டோபிராமேட் எழுதியிருந்தாலும் இதே கதைதான். வந்த வலியை நிறுத்துவது டிரிப்டான் வகை: சுமாட்ரிப்டான், ரிசாட்ரிப்டான், சோல்மிட்ரிப்டான், நராட்ரிப்டான். வீட்டுக்கு வந்ததும் தடுப்பு மருந்து அட்டையில் "தினமும்", டிரிப்டான் அட்டையில் "வலிக்கு மட்டும்" என்று மார்க்கர் பேனாவால் எழுதிவிடுங்கள். வலி நேரத்தில் கண் கூசிக்கொண்டு சின்ன எழுத்தைப் படிக்க முடியாது.

அடுத்த தவறு, சேமித்து வைப்பது. மாத்திரை போட்டுப் பழகிவிடக் கூடாது என்று நம் வீடுகளில் எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பயத்தில் "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்று இழுத்து, வாந்தி வரும் கட்டத்தில் மாத்திரையைப் போட்டால் அது வேலை செய்யாது. காரணம் மருந்தில் இல்லை, வயிற்றில் இருக்கிறது. மைக்ரேன் ஏறும்போது இரைப்பையின் அசைவு மந்தமாகிவிடும். விழுங்கிய மாத்திரை குடலுக்கு நகராமல் அங்கேயே கிடக்கும். அதனால் வலி லேசாக இருக்கும்போதே, இது மைக்ரேன்தான் என்று தெரிந்ததுமே போட்டுவிட வேண்டும். கண்முன் மின்னல் கோடுகள், வளைவு வளைவாக வெளிச்சம் என்று, தலைவலிக்கு முன் ஆரா எனப்படும் அறிகுறி வருகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டிரிப்டானை ஆராவின்போது அல்ல, தலைவலி ஆரம்பிக்கும்போது போட வேண்டும்.

குமட்டல் சீக்கிரமே வருகிறவர்கள் மருத்துவரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் பலர் எழுதுவதில்லை. டோம்பெரிடோன் 10 மி.கி. சேர்த்துத் தந்தால் குமட்டலும் அடங்கும், இரைப்பையும் நகரும். ஆனால் இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆகாது. விடியற்காலையில் உச்ச வலியோடு விழிக்கிறவர்களுக்கு மாத்திரை பெரும்பாலும் தாமதமான மருந்துதான். அவர்களுக்காகவே மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயும் 6 மி.கி. ஊசியும் இருக்கின்றன. ஸ்ப்ரே அடித்ததும் தலையை அண்ணாந்து ஆழமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்க் கசக்கும், மூக்கில் தங்காது.

நாக்கில் கரையும் ரிசாட்ரிப்டானைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வாயிலேயே ரத்தத்தில் கலந்துவிடும் என்று நினைக்கிறோம். கிடையாது. எச்சிலோடு வயிற்றுக்குப் போய்த்தான் கலக்கிறது. சாதாரண மாத்திரையைவிட வேகம் என்று எதிர்பார்க்காதீர்கள். தண்ணீர் குடித்தாலே குமட்டுகிறவர்களுக்கு அது வசதி, அவ்வளவுதான். அட்டையில் அழுத்தித் தள்ளினால் பொடிந்துவிடும், மேல்தாளை உரித்து, ஈரமில்லாத விரலால் எடுக்க வேண்டும்.

இனி இரண்டாவது மாத்திரை. சீட்டில் எஸ்ஓஎஸ் என்று மட்டும் இருந்தால் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது. முதல் மாத்திரையில் வலி குறைந்து, பிறகு திரும்பி வந்தால் மட்டுமே இன்னொன்று. அதுவும் குறைந்தது 2 மணி நேரம் கழித்து. நராட்ரிப்டானுக்கு 4 மணி நேரம். முதல் மாத்திரை துளியும் கேட்கவில்லை என்றால் அதே வலிக்கு இரண்டாவதைப் போடுவதில் அர்த்தமில்லை. மருத்துவர் அனுமதித்திருந்தால் பாராசிட்டமாலோ நாப்ராக்சனோ போடலாம். 24 மணி நேரத்துக்கு மேல்வரம்பு வாய்வழி சுமாட்ரிப்டானுக்கு 200 மி.கி., ரிசாட்ரிப்டானுக்கு 30, சோல்மிட்ரிப்டானுக்கு 10, நராட்ரிப்டானுக்கு 5. இவை உச்ச வரம்புகள். உங்களுக்கு மருத்துவர் குறைவாகச் சொல்லியிருந்தால் அதுதான் உங்கள் வரம்பு. போட்ட மாத்திரை வாந்தியில் போய்விட்டதா என்று சந்தேகம் வந்தால் உடனே இன்னொன்றை எடுக்காதீர்கள். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது, அதையும் கணக்கில் ஒன்றாகவே வையுங்கள். போட்ட நேரத்தைக் கைப்பேசியில் குறித்துவிடுவது நல்லது. வலியில் 40 நிமிடம் 2 மணி நேரமாகத் தோன்றும்.

என்னை மிகவும் கோபப்படுத்திய கட்டம் இதற்குப் பிறகு வந்தது. கடையில் சுமாட்ரிப்டான் இருப்பு இல்லை. "இதுவும் மைக்ரேனுக்குத்தான், ரொம்ப நாளா எல்லாரும் வாங்குறாங்க" என்று வேறொரு அட்டையை நீட்டினார்கள். பின்பக்கம் படித்தால் எர்கோடமின், கஃபைன், பாராசிட்டமால், புரோகுளோர்பெரசின். மைக்ரேனுக்கான மருந்துதான், பொய்யில்லை. ஆனால் எர்கோடமினும் டிரிப்டானும் இரண்டுமே ரத்தக்குழாயைச் சுருக்குபவை. ஒன்றைப் போட்ட 24 மணி நேரத்துக்குள் மற்றதைப் போடக் கூடாது. காலையில் ஒன்றும் மாலையில் மற்றொன்றும் போட்டவருக்கு இதயத்துக்கோ கைகால்களுக்கோ போகும் ரத்தம் குறையலாம். கேள்வி கேட்காமல் கவுண்டரில் இதை மாற்றிக் கொடுப்பது சின்ன விஷயமே அல்ல. ஒரு டிரிப்டானுக்குப் பதில் வேறு டிரிப்டானைப் போடுவதற்கும் அதே 24 மணி நேர இடைவெளி உண்டு. மாற்றுக் கம்பெனி மருந்து வாங்கலாம். மாற்று மருந்து வாங்கக் கூடாது. அட்டையில் மருந்தின் மூலப்பெயரும் மில்லிகிராமும் சீட்டோடு ஒத்துப்போனால் மட்டுமே காசைக் கொடுங்கள்.

இன்னொன்றும் கடையில்தான் நடக்கிறது. இரண்டு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துத் தருவார்கள். பெயரும் காலாவதித் தேதியும் கடைக்காரரிடமே தங்கிவிடும். தேதி உள்ள ஓரத்தைக் கேட்டு வாங்குங்கள், அல்லது படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை டிரிப்டான் போட்டால் கழுத்து, தாடை, நெஞ்சில் ஒரு இறுக்கமும் உடம்பில் சூடும் ஊசி குத்தலும் வரலாம். முன்பே யாராவது சொல்லியிருந்தால் பாதிப் பயம் போயிருக்கும். பலருக்குச் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் நெஞ்சு இறுக்கம் கடுமையாக இருந்தாலோ, நீடித்தாலோ, கைக்குப் பரவினாலோ, மூச்சு வாங்கினாலோ மருந்தின் பக்கவிளைவு என்று படுத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனை. மாரடைப்பு, ஆஞ்சினா (இதயத்துக்கு ரத்தம் குறைவதால் வரும் நெஞ்சுவலி), பக்கவாதம் வந்தவர்களுக்கும், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும், வலியோடு ஒருபக்கக் கைகால் செயலிழக்கும் வகை மைக்ரேன் உள்ளவர்களுக்கும் டிரிப்டான் கூடாது. அதனால் அம்மாவின் மாத்திரையை மகளும், மகளின் மாத்திரையை அப்பாவும் எடுத்துப் போடும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டியவை சில. புரோப்ரனலால் சாப்பிடுகிறவர்களுக்கு ரிசாட்ரிப்டான் ரத்தத்தில் கூடுதலாகச் சேரும். ஒரு வேளைக்கு 5 மி.கி. போதும், நாளுக்கு 15க்கு மேல் போகக் கூடாது. இந்த இரண்டும் ஒரே சீட்டில் வருவது சர்வசாதாரணம். மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்கள் அதன் பெயரைச் சொல்லுங்கள். ஆரா உள்ள பெண்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுத்தால் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் பக்கவாத அபாயம் கூடும், கருத்தடை மாத்திரையை மாற்றுவார்கள். கர்ப்பமாக இருந்தால் எதையும் கேட்காமல் போடாதீர்கள். நாப்ராக்சன் போன்றவை வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் தீங்கு.

நாள் கணக்குதான் எல்லாவற்றிலும் தாமதமாகத் தெரியவந்தது. டிரிப்டான், எர்கோடமின், கூட்டு வலிமாத்திரை (ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து கலந்தது) இவற்றை மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால் மருந்தே தலைவலியை உண்டாக்கத் தொடங்கலாம். வெறும் பாராசிட்டமால், நாப்ராக்சனுக்கு 15 நாள். எண்ண வேண்டியது மாத்திரைகளை அல்ல, போட்ட நாட்களை. காலண்டரில் அந்தத் தேதியைச் சுழித்தால் போதும். ஏழு எட்டு சுழிகள் விழுந்துவிட்டால் தடுப்பு மருந்தைப் பற்றிப் பேச வேண்டிய நேரம்.

ஒரு முறை கேட்கவில்லை என்று டிரிப்டானைத் தூக்கிப் போடாதீர்கள். சரியான நேரத்தில் மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒன்று பலிக்காதவருக்கு வேறொரு டிரிப்டான் பலிப்பதுண்டு. ஆனால் ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வலி, பேச்சுக் குழறல், அடிபட்ட பிறகு வரும் வலி, 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய வலி இவற்றுக்கு இந்த மாத்திரையே வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

அடுத்த சந்திப்பில் சுழித்த காலண்டரைக் காட்டி, எஸ்ஓஎஸ் என்பதை விரித்து எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். மருத்துவர் முகம் சுளிக்காமல் தமிழிலேயே எழுதித் தந்தார்: "வலி தொடங்கியதும் 1. குறைந்து திரும்பினால் 2 மணி நேரம் கழித்து இன்னொன்று. நாளுக்கு 2க்கு மேல் கூடாது. மாதத்தில் 9 நாளுக்கு மேல் தேவைப்பட்டால் வந்து பார்க்கவும்." அதன் நகல் ஒன்று இப்போது பர்ஸில், இன்னொன்று ஃபிரிட்ஜ் கதவில்.