49-ஐ எந்த அடிமானத்தில் எழுதுகிறீர்கள்?

ஒரு எண்ணை எடுத்து அதன் பகாக் காரணிகளைச் சிறியதிலிருந்து பெரியதுவரை ஒட்டி எழுதுங்கள். வரும் எண்ணுக்கும் அதையே செய்யுங்கள், பகா எண் வரும்வரை. கடைசியில் வரும் அந்தப் பகா எண்ணுக்கு ஹோம் பிரைம் என்று பெயர். 10 என்றால் 2, 5, அதாவது 25, அப்புறம் 55, 511, கடைசியில் 773, அது பகா எண், முடிந்தது.

மொரீஷியஸில் காத்ர் போர்ன் ஊரில் என்னிடம் ட்யூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்தால் எல்லாரும் 49-இல்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 77, 711, 3379, 31109, 132393 என்று அது வளர்ந்துகொண்டே போகும். கணினிகள் நூறு படிகளுக்கும் மேல் போய்ப் பார்த்துவிட்டன, இன்னும் பகா எண் வரவில்லை, எண்ணோ இருநூறு இலக்கங்களைத் தாண்டிவிட்டது, அவ்வளவு பெரிய எண்ணைக் காரணிப்படுத்துவதுதான் கஷ்டம். திரும்பி வரவும் வழியில்லை, ஏனென்றால் ஒட்டி வரும் எண் பெருக்கிய எண்ணைவிட எப்போதும் பெரியது.

நாம் வழக்கமாக எழுதுவது பத்து இலக்கங்களைக் கொண்ட பத்தடிமானத்தில். ஆனால் இதே 49-ஐ 0, 1 என்ற இரண்டே இலக்கங்களால் எழுதும் இரண்டடிமானத்தில் செய்து பாருங்கள்! 7 என்பது 111. இரண்டு 7-ஐ ஒட்டினால் 111111, அதாவது 63. அதன் காரணிகள் 3, 3, 7. 11, 11, 111 என்று ஒட்டினால் ஏழு ஒன்றுகள், 127, பகா எண். இரண்டே படி. மூன்றடிமானத்திலும் லேசுதான்: 70, 214, பிறகு 593.

இதைப் பார்த்த ஒரு மாணவி, "அப்போ 49-இல் எந்தச் சிக்கலும் இல்லையா சார்?" என்று கேட்டாள். சரியான கேள்வி. நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் இலக்கமும் இருக்கிறது, அதனால் நோட்டின் மதிப்பு மாறுவதில்லை. அதேபோல 49 பகு எண், 127 பகா எண் என்பதெல்லாம் எந்த அடிமானத்திலும் மாறாது. மாறுவது ஒட்டும் வேலைதான். a-க்குப் பின்னால் b-ஐ ஒட்டுவது என்றால் b-க்கு எத்தனை இலக்கமோ அத்தனை முறை a-ஐ அடிமானத்தால் பெருக்கி b-ஐக் கூட்டுவது, ஆகவே அடிமானம் மாறினால் பாதையே வேறு. பத்தடிமானத்தில் 8 போய்ச் சேருவது 3331113965338635107 என்ற 19 இலக்க எண்ணில், மூன்றடிமானத்தில் 26-ஐத் தாண்டி 67-இல்.

பத்து விரல் இருப்பதால் பத்தில் எண்ணுகிறோம், 49-இன் பிடிவாதமும் அந்தப் பத்தோடு ஒட்டியது. பாடப்புத்தகத்தில் அடிமானம் என்பது மாற்றி எழுதும் பயிற்சியோடு நின்றுவிடுகிறது, அதில் இப்படி ஒரு உலகம் இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் விடக்கூடாது என்றே நினைக்கிறேன்.

ஐந்தடிமானத்தில் 49 எனக்கு இன்னும் முடியவில்லை. 182, 1438, 6969, 12351, 61429 வரை கையால் போட்டேன். 61429 என்பது 47 × 1307, இரண்டும் பகா எண்கள், ஐந்தடிமானத்தில் 142, 20212. இங்கிருந்து நீங்கள் தொடரலாம்.